"அது நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது": ரான்பாக்ஸி கதையும் நம்ம முதல் வேலையும்

பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு. ஆப்டிட்யூட், ரெஸ்யூம், குரூப் டிஸ்கஷன் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் இந்தத் தடவை வேற ஒண்ணு எழுதுறேன். வேலையில சேர்ந்த பிறகு, நமக்கு மேல இருக்கிற பெரிய ஆளுங்க மாறிக்கிட்டே இருந்தா, கீழ இருக்கிறவங்களுக்கு என்ன ஆகுது? இதை எந்த செமஸ்டர்லயும் நமக்குப் பாடமா வைக்கல. ஆனா நம்மில் நிறைய பேர் முதல் வேலையிலேயே இதைப் பார்க்கப் போறோம்.

இதை யோசிக்க வெச்சது எங்க ஊர் அண்ணன் ஒருத்தர். ரிஷிவந்தியத்துல எங்க தெருவிலதான் அவர் வீடு. வெளி மாநிலத்துல ஒரு மருந்து கம்பெனியில கியூ.ஏ. வேலை, அதாவது தரத்துக்குப் பொறுப்பான பிரிவு. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கிட்ட, "அண்ணா, நானும் ஒரு பார்மா கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருக்கேன்"னு சொன்னேன். சந்தோஷப்படுவார்னு பார்த்தா, கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் சொன்னார்:

"சேருடா தம்பி, வேண்டாம்னு சொல்லல. ஆனா எங்க பிளான்ட்டுக்கு நாலு வருஷத்துல மூணு ஹெட். ஒரு மெஷின்ல பிரச்சினை இருக்குன்னு முதல் ஆள்கிட்ட எழுதிக் கொடுத்தேன். 'அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம்'னார். போயிட்டார். ரெண்டாவது ஆள் 'எனக்கு மூணு மாசம் டைம் கொடுங்க'ன்னார். அவரும் போயிட்டார். மூணாவது ஆள்கிட்ட போனா, 'அது நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது, விடுங்க'ன்னு சொல்லிட்டார். மெஷின் அதே இடத்துல இருக்கு. நானும் அதே இடத்துல இருக்கேன்."

அந்த மூணாவது ஆள் சொன்ன பதில் என் மண்டையிலேயே நின்னுடுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுத் தேடிப் படிச்சப்போ கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை. சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். தலைமை மாறும்போது நாற்காலி கைமாறுது, கையெழுத்துப் போடுற அதிகாரம் கைமாறுது. ஆனா கீழ இருக்கிறவங்க ஏற்கெனவே சொல்லி வெச்ச விஷயம் பல நேரம் கைமாறாமலே போயிடுது. ஊழியர்களோட எரிச்சல் பெரும்பாலும் அங்கதான் பிறக்குது. மருந்து கம்பெனியில அந்த எரிச்சலை யாரும் கண்டுக்கலன்னா, கடைசியில விலை கொடுக்கிறது மாத்திரை சாப்பிடுற நோயாளி.

1. ஒரு மாத்திரை வெளியே வர எத்தனை பேர் 'சரி' சொல்லணும்?

முதல்ல தொழிற்சாலை எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கலாம். மாத்திரை பேட்ச் பேட்சாகத் தயாராகுது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு ரெக்கார்டு உண்டு. எந்த மூலப்பொருள், எவ்வளவு எடை, எந்த மெஷின், எத்தனை மணிக்கு, யார் செஞ்சாங்க, யார் சரிபார்த்தாங்க எல்லாம் அதுல கையெழுத்தோட இருக்கணும். கியூ.சி. லேப்ல சாம்பிள் எடுத்து எச்.பி.எல்.சி. மாதிரியான கருவியில சோதிப்பாங்க. ரிசல்ட் வரம்புக்கு வெளியே போனா காரணம் கண்டுபிடிச்சு எழுதணும். நல்ல ரிசல்ட் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பச் சோதிச்சு, கடைசி ரிசல்ட்டை மட்டும் எழுதக் கூடாது. எல்லாம் முடிஞ்ச பிறகு கியூ.ஏ. பிரிவு பேட்ச்சை வெளியே விடலாம், இல்ல நிறுத்தலாம்.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரு விஷயத்தை நம்பித்தான் நிக்குது. கீழ இருக்கிற ஒருத்தர் 'இது சரியில்ல'ன்னு சொன்னா, அது மேல வரைக்கும் போகணும். மாத்திரையைப் பார்த்து அது நல்லதா கெட்டதான்னு நோயாளியால சொல்ல முடியாது. துணி வாங்கினா கசக்கிப் பார்க்கலாம், காய் வாங்கினா உடைச்சுப் பார்க்கலாம். மருந்தை அப்படிப் பார்க்க முடியாது.

இது ஏதோ தூரத்து விஷயம் இல்ல. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு சின்ன தொழிற்சாலையில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷப்பொருள் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாடு அரசின் சோதனை சொன்னது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அங்கே நடந்தது தலைமை மாற்றப் பிரச்சினை இல்லை. ஆனா 'இந்தப் பேட்ச்சை நிறுத்துங்க'ன்னு ஒரு குரல் எழாம போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2. தலைமை மாறினா ஏன் எரிச்சல் வருது?

'மாற்றம்னா எல்லாருக்கும் பயம்தான், பழகிடும்'னு சுலபமா சொல்லிடுவாங்க. அண்ணன்கிட்ட பேசினதை வெச்சும், படிச்சதை வெச்சும் பார்த்தா எனக்கு நாலு காரணம் தெரியுது.

ஒண்ணு, வாக்குறுதி காலாவதி ஆகிடுது. 'அடுத்த வருஷம் புது லேப், உனக்கு புரமோஷன்'னு ஒருத்தர் சொல்லியிருப்பார். அது அவர் வாயில இருந்துச்சே தவிர, கம்பெனி பேப்பர்ல இல்ல. அவர் போனா அதுவும் போயிடும்.

ரெண்டு, எது முக்கியம்ங்கிறது மாறிக்கிட்டே இருக்கு. ஒருத்தர் தரம் முதல்ல என்பார். அடுத்தவர் உற்பத்தி எண்ணிக்கையைக் கேட்பார். அதுக்கடுத்தவர் செலவைக் குறைக்கணும் என்பார். லைன்ல நிக்கிற ஆபரேட்டர் ஒரே ஆள்தான், பேட்ச் ரெக்கார்டும் ஒண்ணுதான்.

மூணு, நடுவுல இருக்கிற மேனேஜர்கள் உறைஞ்சு போயிடுறாங்க. புது ஆள் என்ன நினைக்கிறார்னு தெரியாம எந்த முடிவையும் எடுக்க மாட்டாங்க. 'வெயிட் பண்ணுவோம்'ங்கிற வார்த்தை மாசக்கணக்கா ஓடும்.

நாலாவதுதான் முக்கியமானது. சொன்னதையே திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து சொல்ல வேண்டியிருக்கு. முதல் தடவை சொல்லும்போது அக்கறையான ஊழியர். மூணாவது தடவை சொல்லும்போது 'புலம்புற கேஸ்'னு பேர் வந்துடும். விஷயம் ஒண்ணுதான், கேட்கிற காதுதான் புதுசு.

இந்த நாலையும் ஒரே கம்பெனியில பார்க்கணும்னா, ரான்பாக்ஸியைப் படிக்கணும்.

3. ரான்பாக்ஸி: ஒரு பெருமையும் ஒரு வீழ்ச்சியும்

ரான்பாக்ஸி 1937-ல் அமிர்தசரஸில் ஆரம்பித்த கம்பெனி. ரஞ்சித்... இல்ல, ரன்பீர் சிங், குர்பக்ஸ் சிங்ன்னு ரெண்டு பேர் பெயரைச் சேர்த்து வெச்ச பெயர்தான் அது. (படிக்கும்போது நானே ரெண்டு தடவை தப்பாச் சொன்னேன்!) 1952-ல் பாய் மோகன் சிங் கைக்கு வந்தது. அவர் மகன் பர்விந்தர் சிங் காலத்தில் அது வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. இந்திய மருந்து கம்பெனியும் உலக அளவுக்கு வளர முடியும்னு காட்டிய முதல் சில கம்பெனிகள்ல இதுவும் ஒண்ணு.

1999-ல் பர்விந்தர் சிங் இறந்தார். குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த டி.எஸ். பிரார் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2004-ல் அவர் விலக, பிரையன் டெம்பெஸ்ட் வந்தார். 2006 ஜனவரியில் பர்விந்தரின் மகன் மல்விந்தர் மோகன் சிங் சி.இ.ஓ. ஆனார். 2008-ல் ஜப்பானின் டாய்ச்சி சாங்கியோ சுமார் 460 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தத்தில் கம்பெனியை வாங்கியது. 2009 மே மாதம் மல்விந்தர் விலகினார், அதுல் சோப்தி வந்தார். 2010 ஆகஸ்டில் அவரும் விலகினார், அருண் சாஹ்னி வந்தார்.

2004-லிருந்து 2010-க்குள் மட்டும் அந்த நாற்காலி ஐந்து பேரைப் பார்த்திருக்கு. நடுவுல முதலாளியே மாறியாச்சு. இப்ப அதே காலத்துல கீழ என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம்.

4. ஒரு இன்ஜினியரும் ஒரு ரிப்போர்ட்டும்

தினேஷ் தாக்கூர் இன்ஜினியரிங் படிச்சவர். அமெரிக்காவில் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, 2003-ல் இந்தியா திரும்பி ரான்பாக்ஸியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் மாறினார். ராஜிந்தர் குமார் புதிதாக வந்தார். 2004 ஆகஸ்டில் அவர் தாக்கூரிடம் ஒரு வேலை கொடுத்தார்: உலகம் முழுக்க நம்ம மருந்துகளுக்காகக் கொடுத்த சோதனைத் தகவல்கள் உண்மைதானான்னு நாடு நாடாக, மருந்து மருந்தாகச் சரிபார்க்கணும்.

இதைப் பத்தி விரிவா எழுதினவர் பத்திரிகையாளர் கேத்தரின் ஈபன். அவர் எழுதினபடி, 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் 200-க்கும் மேற்பட்ட மருந்துகளின் தகவல்களில் கோளாறு இருந்தது தெரிய வந்தது. செய்யாத சோதனைக்கு ரிசல்ட் எழுதினதும் அதுல உண்டு. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் போன மருந்துகளும் அந்தப் பட்டியல்ல இருந்தன.

குமார் அந்த ரிப்போர்ட்டை இயக்குநர் குழுவின் ஒரு கமிட்டி முன் வைத்தார். எதிர்பார்த்த நடவடிக்கை வரவில்லை. சேர்ந்த சில மாதங்களிலேயே அவர் ராஜினாமா செய்துவிட்டார். வேலை கொடுத்த ஆள் போன பிறகு, அந்த வேலையைச் செஞ்ச ஆளோட நிலைமை என்னன்னு யோசிச்சுப் பாருங்க. தாக்கூரும் 2005 ஏப்ரலில் ராஜினாமா செய்தார். ஆனா விஷயத்தை அப்படியே விட அவருக்கு மனசு வரல. அதே வருஷம் ஆகஸ்டில் வேற பெயரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்.

2006-ல் எஃப்.டி.ஏ. ஹிமாச்சலப் பிரதேசத்தின் பாவ்ன்டா சாகிப் தொழிற்சாலையைச் சோதித்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2008 செப்டம்பரில் பாவ்ன்டா சாகிப், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் ஆகிய ரெண்டு தொழிற்சாலைகளின் 30 மருந்துகளை அமெரிக்காவுக்குள் விடாமல் தடுத்தது. 2013 மே மாதம் ரான்பாக்ஸியின் அமெரிக்க நிறுவனம் ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டு, மொத்தம் 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. தகவல் கொடுத்தவருக்கு அமெரிக்கச் சட்டப்படி பங்கு உண்டு. தாக்கூருக்குச் சுமார் 4.86 கோடி டாலர் கிடைத்தது. அதுக்கு அவர் காத்திருந்தது எட்டு வருஷம்.

இந்த இடத்துல நியாயமா ஒண்ணு சொல்லணும். தலைமை மாறினதாலதான் தப்பு நடந்துச்சுன்னு சொல்ல முடியாது. தப்பு அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. தலைமை மாற்றம் செஞ்சது வேற: தப்பைக் கண்டுபிடிச்சவங்க சொன்னதைத் தொங்கல்ல விட்டுச்சு. ஒவ்வொரு புது ஆளுக்கும் 'அது நான் வர்றதுக்கு முன்னாடி'ன்னு சொல்ல ஒரு வழி கிடைச்சுது.

5. வாங்கினவங்களுக்கே தெரியல

இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது டாய்ச்சி சாங்கியோ கதை. 460 கோடி டாலர் கொடுத்து வாங்குற கம்பெனி, உள்ள என்ன இருக்குன்னு பார்க்காமலா வாங்கும்? பார்த்தாங்க. ஆனா முக்கியமான தகவலை விற்றவர்கள் மறைச்சுட்டாங்கன்னு பின்னாடி வழக்குப் போட்டாங்க. சிங்கப்பூரில் நடந்த நடுவர் விசாரணையில் 2016-ல் டாய்ச்சிக்குச் சாதகமாக 2,562 கோடி ரூபாய் இழப்பீடு தீர்ப்பானது. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை நிறைவேற்ற அனுமதித்தது. அப்போது வட்டி, செலவோடு சேர்த்து அது சுமார் 3,500 கோடி.

அந்த 2004 ரிப்போர்ட்டைத் தயாரிச்சவங்களுக்கு விஷயம் தெரியும். லேப்ல வேலை பார்த்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். 460 கோடி டாலர் கொடுத்த புது முதலாளிக்குத் தெரியல. ஒரு கம்பெனிக்குள்ள தகவல் எங்க தேங்கும், எங்க போய்ச் சேராதுங்கிறதுக்கு இதைவிட விலை உயர்ந்த பாடம் கிடையாது.

தலைமையும் முதலாளியும் மாறினதால தரையில பழக்கம் மாறிச்சா? 2012-ல் எஃப்.டி.ஏ.வோட நீதிமன்றம் வழியா ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. திருத்திக்கிறோம்னு உறுதி கொடுத்தாங்க. ஆனா 2013 செப்டம்பரில் பஞ்சாபின் மொஹாலி தொழிற்சாலைக்குத் தடை வந்தது. 2014 ஜனவரியில் அதே மாநிலத்தின் டோன்சா தொழிற்சாலைக்கும் தடை. டோன்சாவில் சோதனைக்குப் போனவர்கள் பார்த்தது: சாம்பிள் தயாரிக்கும் அறையில் ஈக்கள், சரியா மூடாத ஜன்னல், நல்ல ரிசல்ட் வரும் வரை திரும்பத் திரும்பச் செய்த சோதனைகள். டோக்கியோவில் முதலாளி, குர்கானில் புது சி.இ.ஓ., ஆனா லேப் மேசையில பழைய பழக்கம்.

2014 ஏப்ரலில் சன் பார்மா ரான்பாக்ஸியை வாங்குவதாக அறிவித்தது. கடனையும் சேர்த்து மதிப்பு சுமார் 400 கோடி டாலர். 2015 மார்ச்சில் இணைப்பு முடிந்தது. ஊழியர்களுக்கு ஏழு வருஷத்துல மூணாவது முதலாளி.

6. நம்ம பக்கத்துல

'அது வடக்குல நடந்தது, நமக்கென்ன'ன்னு நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு மருந்து கம்பெனிகள்லயும் போர்டு மாறினது புதுசில்ல. சென்னையின் தமிழ்நாடு தாதா பார்மசூட்டிகல்ஸ் 1997-ல் சன் பார்மாவோடு சேர்ந்தது. புதுச்சேரியிலும் கடலூரிலும் தொழிற்சாலை வெச்சிருந்த ஷாசன் 2015-ல் ஸ்ட்ரைட்ஸோடு இணைந்தது. அந்த மூலமருந்துத் தொழில் 2018-ல் சொலாரா என்ற தனி கம்பெனியானது. சென்னை ஆர்க்கிட் 2017-ல் திவால் நடவடிக்கைக்குப் போய், 2020-ல் தனுகா லேபரட்டரீஸ் கைக்கு வந்தது. இவங்க யாரும் தப்பு செஞ்சாங்கன்னு நான் சொல்லல. கடலூர்ல பஸ் ஏறி வேலைக்குப் போற ஒருத்தர், இடம் மாறாமலே பத்து வருஷத்துல மூணு கம்பெனி ஐ.டி. கார்டு போட்டிருக்க முடியும்னுதான் சொல்றேன்.

நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா, 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிஞ்சதை நினைச்சுக்கோங்க. போர்டை ஒரே நாள்ல மாத்திடலாம். ஆனா பட்டா ஃபைல், மனு, வழக்குக் கட்டு எல்லாத்தையும் எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கணும். எந்த மனு எந்த நிலையில நிக்குதுன்னு புது ஆபீசருக்குத் தெரியணும். இல்லன்னா மனு கொடுத்தவர் மறுபடி முதல்லேர்ந்து வரிசையில நிக்கணும். கம்பெனிக்கும் இதே கணக்குதான்.

7. மாற்றம் நல்லதாகவும் இருக்கலாம்

தலைமை மாறுறதே தப்புன்னு நான் சொல்ல வரல. அமெரிக்காவின் அல்கோவா அலுமினியம் கம்பெனிக்கு 1987-ல் பால் ஓ'நீல் என்பவர் புது தலைவரானார். லாபத்தைப் பத்திப் பேசுவார்னு எதிர்பார்த்த முதலீட்டாளர்கள்கிட்ட அவர் தொழிலாளர் பாதுகாப்பு பத்திப் பேசினார். விபத்து நடந்தா உடனே மேல வரைக்கும் தகவல் வரணும்னு ஏற்பாடு பண்ணினார். தகவல் மேல வர்ற வழி திறந்ததும் விபத்துகள் குறைஞ்சுது, வேலையும் சீராச்சு. அவர் விலகின 1999-ல் கம்பெனி முன்னைவிடப் பெருசாவும் பாதுகாப்பாவும் இருந்தது. அவரும் வெளியே இருந்து வந்த புது ஆள்தான். 'முன்னாடி என்ன சொன்னீங்க?'ன்னு கேட்ட புது ஆள்.

மருந்துத் துறையில இதுக்கு எழுத்துல விதியே இருக்கு. ஐ.சி.எச். கியூ10 என்ற சர்வதேச வழிகாட்டுதல் 2008-ல் வந்தது. தரத்துக்கு முதல் பொறுப்பு மேல்மட்ட நிர்வாகம்தான்னு அது சொல்லுது. ஒரு மருந்து ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கைமாறும்போது, யாருக்கு என்ன பொறுப்பு, என்ன தகவல் கொடுக்கணும்னு முடிவு பண்ணணும்னு தனிப் பகுதியே அதுல இருக்கு. இந்தியாவிலும் மருந்து தயாரிப்பு விதியான ஷெட்யூல் எம்-ஐத் திருத்தி, மருந்துத் தர அமைப்பு என்ற கருத்தைச் சேர்த்திருக்காங்க. விதி இருக்கு. அதைத் தினமும் நடைமுறையில வெச்சிருக்கிறது மனுஷங்க கையில.

8. மூணு கதவு

1970-ல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மேன் என்ற பொருளாதார அறிஞர் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு அமைப்பு சரியில்லாம போனா, உள்ள இருக்கிறவங்களுக்கு ரெண்டு வழிதான்னு அதுல சொல்றார். ஒண்ணு வெளியே போறது. இன்னொண்ணு உள்ள இருந்து பேசுறது. மூணாவதா விசுவாசம்னு ஒண்ணு இருக்கு. இதுல எதை, எப்ப தேர்ந்தெடுப்போம்ங்கிறதை அதுதான் முடிவு பண்ணுது.

தலைமை அடிக்கடி மாறுற இடத்துல பேசுறவங்களுக்குக் காது கிடைக்கிறதில்ல. அதனால திறமையானவங்க முதல்ல வெளியே போயிடுறாங்க. போக முடியாதவங்க வாய மூடிக்கிறாங்க. வீட்டுக் கடன், குழந்தை ஸ்கூல் ஃபீஸ், ஊர்ல அம்மா மருத்துவச் செலவுன்னு ஆயிரம் இருக்கும். அவங்களைக் கோழைன்னு சொல்றது ரொம்ப சுலபம். வெளியே தெரியுற அமைதியைப் பார்த்து, 'எல்லாம் செட்டில் ஆயிடுச்சு'ன்னு மேல இருக்கிறவங்க நினைச்சுப்பாங்க. பார்மாவுல ரொம்ப ஆபத்தான நிலைமை அந்த அமைதிதான். ஊழியர்கள் புலம்புற வரைக்கும் தகவல் இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

9. சேர்றதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

இது பார்மாவுக்கு மட்டும் இல்ல, எந்த கம்பெனிக்கும் பொருந்தும். லிஸ்ட் ஆன கம்பெனியா இருந்தா இதெல்லாம் இலவசமாவே கிடைக்கும்.

• சி.இ.ஓ., நிர்வாக இயக்குநர், நிதித் தலைவர் மாதிரி முக்கியப் பொறுப்பாளர்கள் மாறினா, பங்குச் சந்தைக்குச் சொல்லணும்ங்கிறது செபி விதி. கம்பெனி பெயரைப் போட்டு அந்த அறிவிப்புகளைப் பாருங்க. அஞ்சு வருஷத்துல எத்தனை பேர்னு எண்ணுங்க.

• ஆண்டறிக்கையில பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பகுதி இருக்கும். பெரிய ஆயிரம் லிஸ்டட் கம்பெனிகளுக்கு இது கட்டாயம். நிரந்தர ஊழியர்கள்ல எத்தனை சதவீதம் பேர் விட்டுட்டுப் போறாங்கன்னு மூணு வருஷக் கணக்கு அதுல இருக்கு. அந்த எண் ஏறுதா இறங்குதான்னு பாருங்க.

• மருந்து கம்பெனின்னா எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதங்கள் இணையத்துல யாரும் படிக்கலாம். ஒரு கடிதம் வந்திருந்தா பயப்பட வேண்டாம். அதே பிரச்சினைக்கு ரெண்டாவது கடிதம் வந்திருந்தா யோசிங்க.

• இன்டர்வியூ கடைசியில 'ஏதாவது கேள்வி இருக்கா?'ன்னு கேட்பாங்க இல்ல, அப்ப மரியாதையா கேளுங்க: "சார், இந்தப் பிளான்ட்ல குவாலிட்டி ஹெட் எவ்வளவு காலமா இருக்கார்?" பதிலைவிட, பதில் சொல்லும்போது அவங்க முகத்தைக் கவனிங்க.

10. சேர்ந்த பிறகு செய்ய வேண்டியவை

• வாயால சொன்னதை அன்னைக்கே மின்னஞ்சல்ல போடுங்க. 'இன்று பேசியபடி'ன்னு ஆரம்பிச்சு நாலு வரி போதும். ஆள் மாறலாம், தேதி மாறாது.

• செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடாதீங்க. 'எழுதலன்னா நடக்கலன்னு அர்த்தம்'னு பார்மாவுல சொல்வாங்க. நடக்காததை எழுதினா அதுக்குப் பேர் குற்றம்.

• மேனேஜர் மாறுறார்னு தெரிஞ்சதும் ஒரு பக்கத்துல பட்டியல் போடுங்க: முடிஞ்சது, பாதியில நிக்கிறது, ஆபத்தானது. போறவர், வர்றவர் ரெண்டு பேருக்கும் அனுப்புங்க. 'நான் வர்றதுக்கு முன்னாடி'ங்கிற பதிலுக்கு அதுக்கப்புறம் இடம் இருக்காது.

• லிஸ்டட் கம்பெனிகள்ல முறைகேட்டைப் புகார் பண்ண ஒரு ஏற்பாடு இருக்கணும்னு 2013 கம்பெனிச் சட்டம் சொல்லுது. அது யார்கிட்ட போகும்னு சேர்ந்த முதல் வாரமே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. தேவைப்படாமலே போகட்டும்.

• எல்லா எரிச்சலும் ஒண்ணு இல்ல. கேன்டீன் நேரம் மாறிச்சு, கேபின் போச்சுங்கிறது சங்கடம். ரிசல்ட்டை மாத்தி எழுதச் சொன்னா அது தப்பு. முதலாவதைப் பொறுத்துக்கலாம். ரெண்டாவதைக் கூடாது.

முடிக்கிறதுக்கு முன்னாடி

இந்தக் கட்டுரையை எழுதி முடிச்சுட்டு அண்ணனுக்கு போன் பண்ணினேன். அந்தப் பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சார். "நாங்க அதை லேட்டா கத்துக்கிட்டோம்டா தம்பி. நாலாவது ஹெட் வரப் போறார்னு சொல்றாங்க. இந்தத் தடவை தேதி வாரியா எழுதி வெச்சிருக்கேன். முதல் நாளே கொடுத்துடுவேன்"னார்.

அந்த நாலாவது ஆள் அதைப் படிப்பாரா, தெரியாது. ஆனா எதுவும் தெரியாதுன்னு இனிமே அவரால சொல்ல முடியாது.

நம்மில் யாராவது ஒருத்தர் இன்னும் இருபது வருஷத்துல அந்த நாற்காலியில உட்காருவோம். அன்னைக்கு ஜூனியர் ஒருத்தர் பழைய ஃபைலைத் தூக்கிட்டு வந்து நிப்பார். அப்போ நம்ம வாயில என்ன பதில் வரணும்ங்கிறதை இப்பவே முடிவு பண்ணி வெச்சுக்கலாம்: "உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."